எந்த மலையில் சறுக்கலாம்?

காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலா என்னும் கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் ஊரிலிருந்து கொங்தூரி வரை. இரண்டாவது, அங்கிருந்து அஃபர்வத் மலையின் தோள்பட்டை வரை. கடைசி நிலையத்தின் உயரம் ஏறத்தாழ 3,950 மீட்டர். ஸ்கை பலகைகளைத் தோளில் சாத்திக்கொண்டு வெளியே வருபவருக்கு அங்கே இரண்டு வழிகள். ஒன்று, ரோந்துக் குழு சோதித்துப் பார்த்துத் திறந்துவிடும் சரிவு. மற்றது, எல்லைக் கயிற்றைத் தாண்டினால் வரும் திறந்த மலை. இரண்டு பக்கமும் ஒரே பனிதான் விழுகிறது. ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அந்தப் பனிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

சாகசப் பனிச்சறுக்குக்கு ஊர் தேடுபவர்கள் பெரும்பாலும் சிகரத்தின் உயரத்தையும் இன்ஸ்டாகிராம் படங்களையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். இன்றைக்கு இந்தச் சரிவில் பனி எப்படி இருக்கிறது என்று சொல்ல அங்கே ஆள் உண்டா? புதைந்துபோனால் தோண்டி எடுக்க ஆள் உண்டா? இவற்றுக்கு ஓர் ஊர் தரும் பதிலையும் உங்கள் கால்களின் பழக்கத்தையும் பொருத்திப் பார்த்தால் போதும், எங்கே போவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

நம் நாட்டில் மூன்று இடங்கள்

மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் சோலாங், முதன்முதலாகப் பனியில் நிற்பவர்களுக்கான இடம். சரிவுகள் குட்டை, கூட்டம் அதிகம். மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வகுப்புகள் நடத்துகிறது. 2018-ல் துருக்கியில் வெண்கலம் வென்று, சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெயரெடுத்த ஆஞ்சல் தாக்கூர் இந்த மணாலிப் பகுதிக்காரர்தான். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோத்தாங் கணவாயில் ஏறி இறங்காமல் லாஹௌல் பக்கம் போக வழிவிட்டது. அங்கே லிஃப்ட் வசதியை நம்ப முடியாது; ஏறிப் போய்ச் சறுக்கி இறங்கும் தெம்பு உள்ளவர்களுக்கே அந்தப் பள்ளத்தாக்கு.

உத்தராகண்டின் அவுலி, காட்சிக்கு ஈடு இணையில்லாத ஊர். நின்ற இடத்திலிருந்தே 7,816 மீட்டர் நந்தாதேவி தெரியும். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கே நடந்தன. இங்கே சரிவுகள் நிதானமானவை. பயிற்சியில் இரண்டாம் படியில் இருப்பவர்களுக்குக் கச்சிதமானவை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அடிவாரத்து ஜோஷிமட் 2023 ஜனவரியில் விரிசல் விட்டு உள்வாங்கத் தொடங்கியபோது, அங்கிருந்து அவுலி செல்லும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. சாலை வழி உண்டு என்றாலும், கிளம்புமுன் நிலவரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது குல்மார்க். சாகசம் என்ற சொல்லுக்கு இந்தியாவில் நியாயம் செய்யும் ஒரே ஊர் இதுதான். 1927-லேயே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இங்கே ஸ்கை கிளப் தொடங்கிவிட்டார்கள். செங்குத்துச் சரிவுகளில் இறங்கிப் பேர்பெற்ற சுவிஸ் வீரர் சில்வன் சௌதான், 1980-களில் காஷ்மீரில் ஹெலிகாப்டர் பனிச்சறுக்கை நடத்தினார். கோண்டோலாவின் முதல் கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் ஓடத் தொடங்கின. மேல் நிலையத்திலிருந்து குல்மார்க் ஊர்வரை செங்குத்தாக 1,300 மீட்டர் இறக்கம். பனி நன்றாக விழுந்த நாட்களில், காடுகளுக்குள் நுழைந்து பாபாரேஷி, தங்மார்க் வரைக்கும்கூடச் சறுக்கிக்கொண்டே போகிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களம் கண்ட ஆரிஃப் கான், இந்தத் தங்மார்க் பக்கத்துப் பிள்ளை.

எப்போது போவது?

காஷ்மீரிகள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் சில்லை கலான். அடுத்து 20 நாள் சில்லை குர்து. கடைசி 10 நாள் சில்லை பச்சா. நமக்கு மழை வங்கக் கடலிலிருந்து வருவதுபோல் அவர்களுக்குப் பனி மேற்கிலிருந்து வருகிறது. மத்தியத் தரைக்கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே நகர்ந்து வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ இமயத்தில் மோதிப் பனியாகக் கொட்டுகின்றன. அவை வராவிட்டால் சில்லை கலானிலும் வெறும் குளிர்தான் மிஞ்சும்.

அப்படித்தான் ஆனது 2024 ஜனவரியில். குல்மார்க் புல்வெளி பழுப்பேறிக் கிடந்தது. பனி பார்க்க வந்தவர்கள் மண்ணைப் பார்த்துத் திரும்பினார்கள். 2025-லும் பிப்ரவரியில் இங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஆகவே, ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரிக் கடைசி வரையிலான காலமே ஓரளவு நம்பிக்கையானது. அதிலும், தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டும், பணம் திரும்பக் கிடைக்கும் அறையும் எடுப்பது புத்திசாலித்தனம். பொங்கல் விடுமுறையோடு சேர்த்து இதை முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரிவின் சூட்சுமம்

பனிச்சரிவு என்றதும் இடியோசை, எதிரொலி, சினிமா என்று மனசு ஓடுகிறது. நிஜத்தில் சத்தம் போட்டால் மலை சரிவதில்லை. பலவீனமான ஓர் அடுக்கின்மேல் கனமான புதுப்பனி உட்கார்ந்திருப்பதுதான் மூலகாரணம். பனி குறைவாக விழுந்து, பிறகு நாள் கணக்கில் வானம் தெளிந்து குளிர் வாட்டும்போது, அடியில் உள்ள பனி ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரைபோல் உதிரும் மணிகளாகிவிடுகிறது. அதன்மேல் ஒரே நாளில் அரை மீட்டர் கொட்டினால் மேலடுக்கு அந்தரத்தில் நிற்பதற்குச் சமம். ஒருவர் சறுக்கிக் குறுக்கே போகும் பாரமே போதும், பலகை பலகையாக உடைந்து கிளம்பிவிடும். சிக்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில், பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்கள் கூட வந்தவர்களோதான். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளே இதில் மோசமானவை. சறுக்குவதற்கு ஆசையைத் தூண்டும் சரிவுகளும் துல்லியமாக அவைதான்.

குல்மார்க் இதற்குக் கொடுத்த விலை சின்னதல்ல. 2010 பிப்ரவரி 8 அன்று, ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பயிற்சியின்போதே பனிக்குப் பலியானார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தின் ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று, வறண்ட ஜனவரிக்குப் பிறகு பனி கொட்டித் தீர்த்திருந்த நேரத்தில், ரஷ்யர் ஒருவர் மாண்டார். மலையையே தொழிலாகக் கொண்டவர்கள், அனுபவசாலிகள் என்றெல்லாம் பனி தரம் பிரித்துப் பார்ப்பதில்லை.

புதைந்தவருக்கு இருக்கும் அவகாசம் கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு உயிர்பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. கீழேயிருந்து மீட்புக் குழு கிளம்பி வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். காப்பாற்றப்போவது பக்கத்தில் இருப்பவர் மட்டுமே. அதனால்தான் நல்ல கைடு காலையில் முதல் வேலையாக ஒரு சோதனை செய்கிறார். எல்லோரும் மார்போடு கட்டியிருக்கும் டிரான்ஸீவரை ஆன் செய்ய வேண்டும். புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் சின்னக் கருவி அது. கைடு தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு ஓரமாக நிற்பார். ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். கருவி ‘பீப்’ என்றால் போகலாம். ஒலிக்காவிட்டால், பேட்டரியைப் பார்க்கும் வரை வரிசை நகராது. பையில் மடக்கு மண்வெட்டியும், நீட்டினால் இரண்டரை மீட்டருக்குக் குறையாத துழாவுகோலும் இருக்கின்றனவா என்று கேட்பார். இந்தச் சோதனையைச் செய்யாத கைடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அரசு எச்சரிக்கைகளும் வருகின்றன. ஆனால் இந்த மாவட்டத்தில், இத்தனை மீட்டருக்கு மேலே ஆபத்து என்கிற அளவில்தான் அவை இருக்கும். நீங்கள் நிற்கும் குறிப்பிட்ட சரிவைப் பற்றிச் சொல்ல ரோந்துக் குழுவும் உள்ளூர் கைடும்தான் உண்டு. ஐரோப்பாவில் அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அறிவிக்கிறார்கள். அங்கே அதிகம் பேர் சாவது 5-ல் அல்ல, 3-ல். நடுத்தர எண்தானே என்று நினைத்துத் துணிந்து போய்விடுகிறார்கள்.

கடல் தாண்டினால்

கையில் இன்னும் கொஞ்சம் காசும் விசாவும் இருந்தால் ஜப்பானின் நிசெக்கோவை யோசிக்கலாம். ஹொக்கைடோ தீவில் உள்ள இந்த ஊரின் அன்னுப்புரி சிகரம் வெறும் 1,308 மீட்டர். ஆனால் சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இங்கே இறக்குவதால், ஒரு பருவத்தில் சராசரியாக 14, 15 மீட்டர் பனி விழுகிறது. மூச்சுத் திணறலும் இல்லை, பனிப் பஞ்சமும் இல்லை. திறந்த மலைக்குப் போகக் குறிப்பிட்ட வாசல்கள் வைத்திருக்கிறார்கள். பனியைச் சோதித்த பிறகே அவற்றைத் திறப்பார்கள். மூடியிருக்கும்போது கயிற்றுக்கு அடியில் புகுந்தால் லிஃப்ட் அனுமதிச் சீட்டு பறிபோகும். நாம் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லும் ஊர்கள் குறைவு.

இதற்கு நேர் எதிர்முனையில் பிரான்ஸின் லா கிராவ். 3,983 மீட்டர் உயர லா மெய்ஜ் சிகரத்தின் மடியில் உள்ள பழைய கிராமம். 1,450 மீட்டரிலிருந்து 3,200 மீட்டருக்குக் கேபிள் கார் ஏற்றிவிடும். அதற்குப் பிறகு மெஷின் உருட்டிச் சமன்செய்த பாதை என்று எதுவும் இல்லை. பனியாற்று வெடிப்புகளும் செங்குத்துப் பிளவுகளும்தான். அமெரிக்காவின் தலைசிறந்த மலைச் சறுக்கு வீரர்களில் ஒருவரான டக் கூம்ப்ஸ் இங்கேயே குடியேறி கைடாக இருந்தவர். 2006 ஏப்ரலில், விழுந்துவிட்ட நண்பருக்கு உதவப் போன இடத்தில் அவரும் விழுந்து இறந்தார். மலையை உள்ளங்கைபோல் அறிந்தவருக்கே அந்தக் கதி என்றால், முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு லா கிராவ் ஏற்றதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கிளம்புமுன்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போகிறவர் உடம்பு கடல்மட்டத்துக்குப் பழகியது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா உச்சியின் உயரத்தில்தான் குல்மார்க் ஊரே இருக்கிறது. கோண்டோலா அங்கிருந்து இன்னும் 1,300 மீட்டர் தூக்கிவிடுகிறது. மேல் நிலையத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதத்தைச் சற்றே தாண்டும். வந்து இறங்கிய அன்றே மேலே போகாமல் ஓரிரு இரவு ஊரில் தங்கிப் பழகுங்கள். தலைவலி, வாந்தி என்று தொடங்கினால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.

தங்மார்க்கிலிருந்து மேலே ஏறும் சாலையில், பனி விழுந்த நாட்களில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளும் ஃபோர்வீல் டிரைவ் வண்டிகளும் மட்டுமே போகும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் பாதுகாப்புக் கெடுபிடிகள் கூடியிருக்கின்றன. எந்தெந்த இடம் திறந்திருக்கிறது என்பதைப் பயண வாரத்தில் சரிபாருங்கள். பயணக் காப்பீடு எடுத்தால் மட்டும் போதாது. பனிச்சறுக்கு, அதிலும் எல்லைக்கு வெளியே சறுக்குவது, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடக்கும் மீட்பு ஆகியவை அந்தப் பாலிசியில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகள் கைவிரிக்கும் இடம் அதுதான்.

ஆக, எங்கே?

இதுவரை பனியில் கால் வைக்காதவர் சோலாங்குக்கோ அவுலிக்கோ போகலாம். அல்லது மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கில் நடத்தும் அடிப்படை வகுப்பில் சேரலாம். எந்தச் சரிவிலும் நினைத்த இடத்தில் நிற்கவும், இரு பக்கமும் திரும்பவும் தெரிந்தவருக்கு, பிப்ரவரியில் குல்மார்க்கின் ரோந்துச் சரிவு. ஆழ்பனியில் பழகிய பிறகு, கைடோடும் கருவிகளோடும் கயிற்றுக்கு வெளியே. பணம் ஒரு பொருட்டில்லை, ஆனால் பதற்றம் வேண்டாம் என்பவருக்கு நிசெக்கோ. லா கிராவ் இவை எல்லாம் முடித்தவருக்கு.

என் ஓட்டு குல்மார்க்குக்கே. விசா வேண்டாம், உலகத் தரமான மலை, தலைமுறை தலைமுறையாகப் பனியோடு வாழும் கைடுகள். ஆனால் ஒன்று: ரோந்துக் குழு இன்றைக்கு மேலே போக வேண்டாம் என்று சொன்னால், போட்ட பணத்தைக் கணக்குப் பார்க்காமல் கீழேயே சறுக்குங்கள். அதற்கு மனசில்லாதவர்கள் தயவுசெய்து வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளுங்கள்.