நட்ட பல்லும் பட்ட பாடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்)

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் நாட்டுப் பழமொழி. சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது, சிரிப்பும் போகிறது. எங்கள் நரிக்குடிப் பக்கத்தில் பல் விழுந்த பெரியவர்கள் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பதைச் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பிலேயே ஓர் உலோக வேரை நட்டு, அதன்மேல் பல் பொருத்தும் முறை இன்று நம் பக்கத்து நகரங்களுக்கும் வந்துவிட்டது. இதனை இம்பிளான்ட் என்பர். அது யாருக்கு எளிது, யாருக்குக் கடினம், கெட்டுப்போனால் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நூல்களில் படித்ததோடு என் வீட்டில் பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீட்டுக் கதை

என் தந்தையார் சீமைக்கருவேல் விறகை வெட்டிக் கரிமூட்டம் போடுபவர். ஈறு நோயால் அவருடைய கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடி விழுந்தன. நகரத்தில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில், இரண்டு இம்பிளான்ட் வைத்தால் ஆயுளுக்கும் கவலையில்லை என்றார்கள். மூட்டம் பிரித்துக் கரி விற்ற பணமும், அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனும் அதற்கே போயின.

சிகிச்சைக்கு முன் ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீதானப்பா படிச்ச புள்ள, என்னன்னு பாத்துச் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கும் அந்த ஆங்கிலம் உடனே பிடிபடவில்லை. அதை ஒப்புக்கொள்ளக் கூச்சம். "சரிதாம்ப்பா, போடுங்க" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அத்தாளின் பிரதியைப் பதினான்கு மாதங்கள் கழித்து, அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். சர்க்கரை நோயும் புகைப் பழக்கமும் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அப்பாவுக்கு இரண்டும் உண்டு. மருத்துவமனையிலும் வாய்விட்டு யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

திருகும் எலும்பும்

இம்முறை பிறந்த கதை சுவையானது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனேமார்க் 1952-இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சிறு கருவியைப் பொருத்தி, எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் அது வரவில்லை. எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. தற்செயலாகக் கண்ட இந்த ஒட்டுதலைப் பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் எண்ணினார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக டைட்டானிய வேர்களை நட்டார். லார்சன் 2006-இல் இறக்கும் வரை, நாற்பதாண்டுக்கு மேல், அவை பயன்பட்டன. 1982-இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகம் இம்முறையைப் பரவலாக ஏற்றுக்கொண்டது.

ஏன் டைட்டானியம்? வேதியியல் மாணவர்க்கு இதில் வியப்பில்லை. டைட்டானியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஆக்சைடுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டரே. ஆயினும் அரிப்பைத் தடுப்பதும், எலும்புச் செல்கள் வெறுக்காமல் அண்டி வளர இடம் தருவதும் அப்படலமே. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட்டு இந்த உலோகத்தின் தாதுதான் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இம்பிளான்டில் மூன்று பகுதிகள் உண்டு. எலும்புக்குள் இருக்கும் திருகு ஒன்று. அதன்மேல் நிற்கும் இணைப்புத் துண்டு ஒன்று. வெளியே தெரியும் பல் உறை ஒன்று. திருகும் எலும்பும் ஒன்றுபடுவதற்கு, பிரோனேமார்க் வகுத்த முறையில், கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருந்தனர். மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதே காரணம். இன்று சிலருக்கு இக்காலம் குறைந்துள்ளது. ஆனால் எல்லார்க்கும் அன்று.

எது எளிது, எது கடினம்?

மானாவாரி நிலத்தில் விதைப்பவன் மண்ணையும் பார்ப்பான், வானத்தையும் பார்ப்பான். விதை நல்லதென்பதற்காக மட்டும் விதைத்துவிட மாட்டான். பல் நடுவதும் அப்படியே. திருகு ஒன்றுதான், நிலந்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.டி.ஐ. என்னும் பன்னாட்டுப் பல் மருத்துவர் அமைப்பு இச்சிகிச்சையை எளியது, முன்னேறியது, சிக்கலானது என மூன்று தரமாகப் பிரித்து 2009-இல் நூலாகவே வெளியிட்டது. சிகிச்சையைத் தொடங்குமுன் இது எந்தத் தரம் என்று மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்வதற்காக ஏற்பட்ட பகுப்பு அது.

தரத்தை உயர்த்தும் காரணங்களுள் முதலாவது எலும்பின் அளவு. பல் விழுந்து நாளாக ஆக, அந்த இடத்து எலும்பு தேய்ந்து குறுகும். இரண்டாவது அண்டை அயல். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. மேல்தாடைக் கடைவாய்க்கு மேலே காற்றறை இருக்கிறது. ஆகவேதான் முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்க்கிறார்கள். மூன்றாவது உடல்நிலை. கட்டுப்படாத சர்க்கரையால் புண் ஆறத் தாமதமாகும். சீழ் பிடிக்கும் வாய்ப்பும் மிகும். பீடி, சிகரெட் புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எலும்புத் தேய்வுக்காகப் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து உட்கொள்வோர்க்குத் தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் உண்டு என்பது 2003 முதல் தெரிய வந்துள்ளது. நான்காவது பழக்கம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களின் திருகு மிகுந்த சுமையைத் தாங்க வேண்டும். வளர்ச்சி முடியாத இளவயதினருக்கு இதைப் பெரும்பாலும் வைப்பதில்லை. ஏனெனில் தாடை வளரும். நட்ட வேர் அதனோடு நகராது.

எப்படிக் கெடுகிறது?

கேடுகளை முந்தியவை, பிந்தியவை என இரண்டாகக் காணலாம்.

எலும்பில் துளையிடும்போது உராய்வினால் வெப்பம் எழும். எலும்பு 47 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே பழுதுபடும் என்று 1983-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதனால்தான் உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே மெதுவாகத் துளையிடுகிறார்கள். வெந்த எலும்பு ஒட்டாது. சீழ் பிடித்தாலும், ஒட்டுமுன் திருகு அசைந்தாலும் இதே முடிவுதான். மரத்துப்போகச் செய்யும் ஊசியின் வேகம் தணிந்த பிறகும் உதடு மரத்தே இருந்தால் நரம்பு நசுங்கியிருக்கலாம். ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கலாகாது. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிந்திய கேடு இன்னும் நயவஞ்சகமானது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் உண்டு. அழுத்தம் மிகுந்தால் அது உணர்த்திவிடும். இம்பிளான்டுக்கு அந்தப் படலமே இல்லை. அதைச் சுற்றி அழுக்கும் கிருமியும் படிந்தால் முதலில் ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும். இது முதற்கட்டம்; சுத்தம் செய்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். கவனிக்காவிட்டால் அடியில் எலும்பே கரையத் தொடங்கும். இது இரண்டாம் கட்டம். கரைந்த எலும்பு தானாக மீளாது. கொடுமை என்னவெனில், இத்தனையும் பெரும்பாலும் வலியின்றியே நடக்கும்.

அப்பாவுக்கு நேர்ந்தது இதுவே. பல் துலக்கும்போது இரத்தம் வந்தது. "வலிக்கலையே, எதுக்குச் சும்மா செலவு?" என்று இருந்துவிட்டார். ஒருநாள் கடலை மெல்லும்போது இரண்டு பற்களுமே ஆடின.

கெட்டால் செய்வது என்ன?

அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு அப்பாவை அழைத்துச் சென்றேன். ஆடுகிற பல்லெல்லாம் ஒன்றல்ல என்பதை அங்கேதான் கற்றேன். மேலே உள்ள உறையோ இணைப்புத் துண்டின் சிறு திருகோ தளர்ந்தாலும் பல் ஆடும். அதை முறுக்கிச் சரிசெய்துவிடலாம். எலும்பிலுள்ள வேரே ஆடினால் ஒட்டுதல் போய்விட்டது என்று பொருள். அதை எடுக்கத்தான் வேண்டும். எக்ஸ்ரேயில் அப்பாவின் ஒரு பல்லுக்கு முதல் வகை, மற்றொன்றுக்கு இரண்டாம் வகை. ஒன்றை முறுக்கினார்கள்; ஒன்றை எடுத்தார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவில், எலும்பு ஓரளவு கரைந்தும் வேர் ஆடாமல் இருந்தால், ஈற்றைத் திறந்து திருகின் பரப்பைச் சுத்தம் செய்து, தேவையானால் எலும்புத்தூள் வைத்துத் தைப்பதும் உண்டு. எடுத்த இடத்தில் மறுபடி நட வேண்டுமானால், புண் ஆறிச் சில மாதங்கள் சென்றபின் எலும்பை மீண்டும் அளக்க வேண்டும். மறுபடி நட்டே தீரவேண்டும் என்பதும் இல்லை. கழற்றி மாட்டும் பல்லும் பல்தான். அப்பா அதையே தேர்ந்தெடுத்தார். சர்க்கரையைக் குறைத்துவிட்டு வரச்சொன்னார்கள். பீடியையும் விடச் சொன்னார்கள். சர்க்கரை குறைந்திருக்கிறது. பீடி இன்னும் முழுதாகப் போகவில்லை.

முடிவுரை

இம்பிளான்ட் தீயதென்று நான் எழுதவில்லை. தக்கவர்க்குத் தக்கபடி வைத்தால் பல்லாண்டு நிற்கும் என்பதற்கு லார்சனே சான்று. ஆனால் நட்டதோடு வேலை முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. நாள்தோறும் அதைச் சுற்றித் துலக்குவதும், வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன தவணையில் காட்டி வருவதும் சிகிச்சையின் பகுதிகளே.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்குப் போனால் நாம் கேட்க வேண்டியவை சில: எலும்பு போதுமா? எக்ஸ்ரேயில் நரம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு? கெட்டால் யார் பார்ப்பார்கள், செலவு யாருடையது? இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்துக் குறித்த அட்டை எங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தது. அதை எடுத்துப் போகாதது எங்கள் பிழை. சென்னையில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. 2023-இல் புதுக்கோட்டையிலும் ஒன்று திறக்கப்பட்டது. தனியாரிடம் பணம் கட்டுமுன் அங்கே ஒருமுறை ஆலோசனை கேட்பதில் நட்டமில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். வங்கியானாலும் மருத்துவமனையானாலும் நம் வீட்டார் தாளை நம்மிடமே நீட்டுவார்கள். அப்போது விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லி, தமிழில் விளக்கும்படி கேட்பதில் வெட்கமில்லை. அன்று ஐந்து நிமிடம் நான் அப்படி நின்றிருந்தால் அம்மாவின் குழுக்கடன் மிச்சமாயிருக்கும். சென்ற மாதம் ரேஷன் கடை விண்ணப்பம் ஒன்றை அப்பா என்னிடம் நீட்டி, "பாத்துச் சொல்லுப்பா" என்றார். இம்முறை முழுவதும் படித்த பிறகே கையெழுத்துப் போடச் சொன்னேன்.