தமிழ் மறவனைத் தெரியுமா?

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் எழுதுவது)

சீசன் நேரத்தில் பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தோம். ஈரப் பாறையில் ஆரஞ்சு நிறத்தில் ஏழெட்டுப் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. "இது எங்க கடையநல்லூர்ல எருக்கஞ்செடியைச் சுத்திப் பறக்கிறதுதானே!" என்றேன். கூட வந்த சீனியர் அண்ணன் சிரித்தார். "தம்பி, டிராயிங்ல ஒரு வியூவை மட்டும் பார்த்து ஜாபைச் சொல்லிருவியா? அடிப்பக்கத்தையும் பாரு."

பார்த்தேன். எருக்கஞ்செடிக்கு வரும் வெந்தய வரியனுக்கு முன்சிறகின் நுனி கறுப்பு. அதில் வெள்ளைப் பட்டை. இதற்கோ ஓரத்தில் கறுப்பு. சிறகை மூடினால் அடிப்பக்கத்தில் குறுக்கே வெள்ளிப் பட்டை. இதுதான் தமிழ் மறவன். சிறகை விரித்தால் 6 முதல் 7.5 செ.மீ. இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் காடுகளில் வாழ்வது. 2019-இல் தமிழக அரசு இதை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது.

பட்டாம்பூச்சிக்கு வாழ்க்கை நாலு கட்டம்: முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி. தாய் கண்ட இலையில் முட்டையிடாது. காலால் தொட்டு ருசி பார்த்து, தன் புழு தின்னும் செடிதானா என்று உறுதி செய்துகொண்டே இடும். புழு இலையைத் தின்று, பலமுறை தோலுரித்து வளரும். தமிழ் மறவனின் புழுவுக்கு உடம்பெல்லாம் முள். பிறகு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். சிறகு முளைத்து வந்த பிறகு இலை வேண்டாம். தேனும், ஈர மண்ணில் உறிஞ்சும் உப்பும் போதும்.

ஆனால் புழுவுக்கு மரவெட்டி இலை வேண்டும். காட்டு ஓடைக்கரையில் வளரும் மரம் அது. ஒரு காலத்தில் தொழுநோய்க்கு மருந்தாக இருந்த நீரடிமுத்து எண்ணெய் இதன் விதையில் எடுத்ததுதான். மரம் போனால் மறவனும் போய்விடுவான்.

இதை எழுதும்போது ஒன்று மனதை உறுத்துகிறது. எட்டாம் வகுப்பு படிக்கையில் எங்கள் வேலியோர எருக்கில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் வரி போட்ட புழுக்கள் இருந்தன. "ச்சீ, புழு" என்று மண்ணெண்ணெய் ஊற்றினேன். அவைதான் வெந்தய வரியனின் புழுக்கள். "பட்டாம்பூச்சியையே காணோமே" என்று பிறகு அம்மாவிடம் கேட்டதும் நான்தான்.

நண்பர்களே, அடுத்த சீசனில் சிறகின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். வீட்டு எருக்கில் புழுவைக் கண்டால் சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது பறந்துவிடும்.