ஆய்வறிக்கைகளும் அறிவிப்பாளர் தரமும்

ஒரு செய்தியை எடைபோடுமுன் அதனைக் கொண்டுவந்தவரை எடைபோட வேண்டும் என்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தந்த முறையாகும். அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளை முஹத்திஸ்கள் தேடினர். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்து, அதாவது கேட்டதைப் பிழையின்றிக் காத்து எடுத்துரைக்கும் துல்லியம். நேர்மையாளர் எல்லாரும் துல்லியமானவர் அல்லர் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். வணக்கசாலிகளும் உண்மையாளர்களுமான எத்தனையோ பேர் நினைவாற்றல் குறைவின் காரணமாகப் பலவீனமானோர் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர்.

இக்காலத்தில் அரசுகளின் செவியில் ஓதும் அறிவிப்பாளர்களாகச் சில நிறுவனங்கள் இருக்கின்றன. அவை அரசுத் துறைகளும் அல்ல, பல்கலைக்கழகங்களும் அல்ல. ‘திங்க் டேங்க்’ எனப்படும் இக்கொள்கை ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகள் நாளேடுகளில் செய்தியாகி, நாடாளுமன்ற உரைகளில் சான்றாகி, இறுதியில் சட்டங்களாகவும் உருமாறுகின்றன. மதரஸாவில் பயின்று மதரஸாவிலேயே பாடம் நடத்தும் என்போன்றோருக்கு இவற்றின் தராதரம் வெறும் ஏட்டு ஆராய்ச்சி அன்று. 2001 செப்டம்பருக்குப் பின் இந்நிறுவனங்கள் பெரிதும் விரும்பி எழுதிய பொருள்களுள் மதரஸாவும் ஒன்று.

பிரஸ்ஸல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘இன்டர்நேஷனல் கிரைசிஸ் குரூப்’ 1995இல் தொடங்கப்பட்டது. மோதல்களைத் தடுக்கும் நோக்குடன் களத்திற்குச் சென்று ஆராயும் நிறுவனம் என்ற நற்பெயர் அதற்கு உண்டு. 2002 ஜூலையில் அது பாகிஸ்தான் மதரஸாக்களைக் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டில் கல்வி பயிலும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மதரஸாக்களில் பயில்கின்றனர் என்று அதில் கூறப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பெயரே சான்றாக அமைந்துவிட, அந்த எண் ஏடுதோறும் எடுத்தாளப்பட்டது.

2005இல் தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், ஆசிம் கவாஜா, டிரிஸ்டன் சயோங் ஆகிய நால்வர் இந்த எண்ணின் மூலத்தைத் தேடிச் சென்றனர். பாகிஸ்தானின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வீடுவாரியான ஆய்வுகளையும் ஆராய்ந்தபோது, பயிலும் குழந்தைகளில் மதரஸாவில் முழுநேரமாகப் பயில்வோர் 1 சதவீதத்திற்கும் குறைவு எனத் தெரியவந்தது. ஆப்கன் எல்லையோர மாவட்டங்களில்கூட அது 7.5 சதவீதத்தை எட்டவில்லை. மூன்றில் ஒரு பங்கு எப்படி வந்தது? வகுக்கும் எண்ணில் நேர்ந்த பிழை! நாட்டின் மொத்த மாணவர் தொகை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போயிருந்தது. நிறுவனம் அவ்வாண்டே திருத்தம் வெளியிட்டது. அதற்குள் மூன்றாண்டுகள் ஓடிவிட்டன. பிழை சென்ற ஊர்களுக்கெல்லாம் திருத்தம் சென்று சேர்வதில்லை.

இதனைப் படித்தபோது இப்னு கல்தூன் (ரஹ்) நினைவுக்கு வந்தார். தம் ‘முகத்திமா’வின் தொடக்கத்திலேயே அவர் மஸ்ஊதி போன்ற வரலாற்றாசிரியர்களைக் கண்டிக்கிறார். மூஸா (அலை) அவர்களின் படையினர் ஆறு இலட்சம் பேருக்கும் அதிகம் என்ற தகவலை, அத்தனை பேர் அந்நிலப்பரப்பில் அணிவகுக்க இயலுமா என்றுகூட எண்ணாமல் எழுதிவிட்டனர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. செல்வத்தையும் சேனையையும் எண்ணும் இடத்தில்தான் பொய்யும் மிகையும் எளிதில் நுழைகின்றன என்பது அவர் கண்ட உண்மை. அந்தப் பட்டியலில் இன்று மாணவர் எண்ணிக்கையையும் சேர்க்கலாம்.

கிரைசிஸ் குரூப்பின் பிழை ளப்து தொடர்பானது. அதாலத் தொடர்பான பிழைகள் வேறு வகையின. 2014 செப்டம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ், வாஷிங்டனின் பெயர்பெற்ற ஆய்வு நிறுவனங்கள் பலவும் வெளிநாட்டு அரசுகளிடமிருந்து பெருந்தொகைகளைப் பெற்று வந்ததை விரிவாக வெளியிட்டது. புரூக்கிங்ஸ் நிறுவனத்திற்குக் கத்தார் அரசு நான்காண்டுகளில் 1 கோடியே 48 இலட்சம் டாலர் வழங்க 2013இல் இசைந்திருந்தது. தன் ஆய்வுகளில் கொடையாளர்களின் தலையீடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆனால், அதன் தோஹா மையத்தில் முன்பு பணிபுரிந்த ஆய்வாளர் ஒருவரோ, கத்தாரை விமர்சிக்கும் நிலைப்பாட்டை எடுக்கலாகாது எனத் தமக்குச் சொல்லப்பட்டதாகக் கூறினார். கொடுத்தது முஸ்லிம் நாடு என்பதால் நாம் இதில் கண்டிப்பைத் தளர்த்த வேண்டியதில்லை.

ஹதீஸ் கலையில் ‘தத்லீஸ்’ என்றொரு குறை உண்டு. அறிவிப்பாளர் தொடரில் உள்ள பலவீனத்தை வெளித்தெரியாமல் மூடிக் கூறுவதே அது. நம்பகமானவராயினும் தத்லீஸ் செய்யும் வழக்கமுடையவர், தாம் நேரடியாகக் கேட்டதாகத் தெளிவுபடுத்தாதவரை, அவருடைய அறிவிப்பை ஏற்கத் தயங்கினர் நம் முன்னோர். கொடையாளரின் பெயரை மறைத்து வரும் ஆய்வறிக்கையும் இதே வகையைச் சார்ந்ததுதான்.

எனினும் எதிர்த்திசையில் நம்மவர் செய்யும் தவறையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ‘ராண்ட்’ நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, முஸ்லிம்களை அடிப்படைவாதிகள், மரபுவாதிகள், நவீனவாதிகள், மதச்சார்பற்றோர் எனப் பிரித்து, எவரை எவருக்கு எதிராக ஆதரிப்பது என்று ஆலோசனை கூறியது. அதனைச் சதி என்று மேடைகளில் முழங்கியோரில் எத்தனை பேர் அதனைப் புரட்டியாவது பார்த்திருப்பர்? நிதியளித்த அறக்கட்டளையின் பெயரை அது மறைக்கவில்லை. மனிதர்களை அமெரிக்கக் கொள்கைக்குப் பயன்படும் அளவைக் கொண்டு தரம் பிரித்ததே அதன் குற்றம். படித்தவர்தாம் இதனைச் சுட்டிக்காட்ட முடியும்.

நம் நாட்டிலோ இந்நிறுவனங்களின் நிலை இன்னும் இக்கட்டானது. தில்லியில் 1973இல் நிறுவப்பெற்ற கொள்கை ஆராய்ச்சி மையத்தில் 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை ஆய்வு நடத்தியது. 2023 பிப்ரவரியில் வெளிநாட்டு நிதி பெறும் அதன் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் இரத்துச் செய்யப்பட்டது. வெளிநாட்டு நிதிக்குக் கணக்குக் கேட்பது அரசின் உரிமை, ஐயமில்லை. ஆனால் அரசு நினைத்தால் மூச்சை நிறுத்திவிடலாம் என்ற நிலையில், எந்த நிறுவனம் அரசின் விருப்பத்திற்கு மாறான எண்ணைத் துணிந்து வெளியிடும்?

அத்தகைய எண் ஒன்று நமக்கு 2006 நவம்பரில் கிடைத்தது. நீதியரசர் இராஜேந்தர் சச்சார் குழு அரசு அமைத்த குழுவேயன்றி ஆய்வு நிறுவனம் அன்று. ஆயினும் 1956 முதல் இயங்கிவரும் தேசியப் பயன்பாட்டுப் பொருளியல் ஆய்வுக் கழகத்தின் தரவுகளையும் அது துணைக்கொண்டது. அக்கழகத்தின் கணக்குப்படி 7 முதல் 19 வயது வரையிலான முஸ்லிம் மாணவர்களில் மதரஸாக்களில் பயில்வோர் ஏறத்தாழ 4 சதவீதமே. பள்ளி வயதுக் குழந்தைகளில் 3 சதவீதத்தினரே மதரஸாவுக்குச் செல்கின்றனர் என்று குழு கூறியது. தன் மூலங்களையும் அது மறைக்கவில்லை. மதரஸா வேறு, மக்தப் வேறு என்ற வேறுபாட்டையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது.

இவ்வேறுபாட்டை அறியாமல் எண்ணத் தொடங்குவோருக்கு என்ன நேரும் என்பதை நேரில் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் இளைஞர் இருவர் எங்கள் பகுதிக்கு வந்தனர். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற எங்கள் கடலோர ஊர்களில் ஃபஜ்ருக்குப் பின் மக்தபில் ஓதிவிட்டு, வீடு திரும்பிச் சீருடை அணிந்து பள்ளி செல்வது பிள்ளைகளின் வழக்கம். அவர்கள் கையிலிருந்த படிவத்திலோ ‘பள்ளியா, மதரஸாவா’ என்ற ஒரே கேள்வி, ஒரே ஒரு குறியீட்டுக்கான இடம். “மதரஸாவுக்குப் போகிறான்” என்று ஒரு தாய் பெருமையுடன் சொல்ல, அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பயிலும் அவர் மகன் அந்நொடியே பள்ளி செல்லாதவனாகிவிட்டான். நான் விளக்கிய பின் அவர்கள் ஓரத்தில் எழுதிக்கொண்டனர். ஓரத்துக் குறிப்பு கணிப்பொறிக்குள் போயிருக்குமா?

அதன்பின் அருகிலுள்ள மஹல்லா ஒன்றின் செயலாளரிடம், ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டில் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டங்கள் ஒதுக்குமாறு கேட்டேன். ஒன்று மக்தபுக்கு, ஒன்று பள்ளிக்கு. அவர் சற்று யோசித்து, “ஹஜ்ரத், செஞ்சிடலாம். ஆனா இந்தக் கணக்கு நாளைக்கு யார் கைக்குப் போகும்?” என்று கேட்டார். நம் கையில் கணக்கு இல்லாதபோதும் பிறர் கையில் ஒரு கணக்கு இருந்துகொண்டுதான் இருக்கிறது என்று பாகிஸ்தான் கதையைச் சொன்னேன். அவர் முழுவதும் சமாதானம் அடையவில்லை. ஆயினும் அடுத்த பதிவேட்டில் கட்டங்கள் இரண்டு போடப்பட்டிருந்தன.