80 சதவீதமா, 12.5 சதவீதமா? உங்கள் செல்லப்பிராணியின் பல் நோய் கண்ணில் படாதது ஏன்?

வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறீர்கள். நாய் ஓடிவந்து முகத்தை நக்குகிறது. குப்பென்று ஒரு நாற்றம். "நாய் வாய்னா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால், தொடர்ந்து வரும் வாய் நாற்றத்துக்குப் பெரும்பாலும் ஈறு நோய்தான் காரணம்.

எத்தனை பிராணிகளுக்கு இந்தப் பிரச்சினை?

இணையத்தில் தேடினால், '3 வயதுக்குள் 80% நாய்களுக்கும் 70% பூனைகளுக்கும் பல் நோய் வருகிறது' என்ற வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பிரிட்டனின் ராயல் வெட்டர்னரி காலேஜ் 22,000-க்கும் மேற்பட்ட நாய்களின் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வோ வேறு எண்ணைச் சொல்கிறது. ஓர் ஆண்டில் ஈறு நோய் இருப்பதாகப் பதிவான நாய்கள் 12.5% மட்டுமே.

ஏன் இவ்வளவு இடைவெளி? ஆஸ்பத்திரியில் டாக்டர் பெரும்பாலும் விழித்திருக்கும் நாயின் வாயைத்தான் பார்க்கிறார். அதில் தெரிவதும், பதிவேட்டில் ஏறுவதும் கொஞ்சம்தான். மயக்க மருந்து கொடுத்து, ஈறின் ஆழத்தை அளந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை பல மடங்கு கூடும். காரணம், இந்த நோய் ஈறுக்குக் கீழேதான் வளர்கிறது.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. சாப்பிட்டபின் பல் மேல் பாக்டீரியா படலம் படியும். துடைக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து, சில நாட்களிலேயே அது மஞ்சள் காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது. பாக்டீரியா ஈறுக்குக் கீழே இறங்கும்போது, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

பொமரேனியன், ஷிட்சு போன்ற சிறிய இன நாய்களுக்கு ஆபத்து அதிகம். சின்ன தாடையில் பற்கள் நெருக்கியடித்து நிற்பதே காரணம். நோய் முற்றினால், லேசான அடியில்கூடத் தாடை எலும்பு முறியலாம். பூனைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: பல் தானாகவே அரிந்து கரையும். வலி கடுமையாக இருக்கும்.

ஈறு நோய்க்கும் இதயம், சிறுநீரகக் கோளாறுகளுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒன்றால்தான் மற்றொன்று வருகிறது என்று நிரூபணமாகவில்லை.

நல்லாத்தானே சாப்பிடுது?

இதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறோம். நாயும் பூனையும் வலியை மறைத்துக்கொண்டே சாப்பிடும். ஒரு பக்கமாக மெல்லுவது, உணவைக் கீழே தவறவிடுவது, எச்சில் ஒழுகுவது, முகத்தைத் தொடவிடாதது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

என்ன செய்யலாம்?

- தினமும் துலக்குங்கள். படலம் சில நாட்களில் இறுகிவிடுவதால், வாரம் ஒருமுறை போதாது. முதலில் உதட்டைத் தொட்டுப் பழக்குங்கள். பிறகு விரலில் சுற்றிய துணி, அதன்பின் மென்மையான பிரஷ். பல்லின் வெளிப்பக்கம் துலக்கினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

- உங்கள் பேஸ்ட் வேண்டாம். பிராணிகள் அதைத் துப்பாமல் விழுங்கிவிடும். சில பேஸ்ட்களில் உள்ள சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பிராணிகளுக்கென்றே உள்ள பேஸ்ட்டை வாங்குங்கள்.

- எலும்பை நம்பாதீர்கள். "எலும்பு கடிச்சா பல் சுத்தமாயிடும்" என்பார்கள். மேலே உள்ள காரை கொஞ்சம் உதிரலாம். கூடவே கடைவாய்ப்பல்லும் உடையலாம். நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் மெல்லக் கொடுக்காதீர்கள்.

- மயக்க மருந்து இல்லாத கிளீனிங் வேண்டாம். பல் பளபளக்கும், ஈறுக்குக் கீழே நோய் அப்படியே இருக்கும். அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவர்களின் அமைப்பும் இதை எதிர்க்கிறது. மயக்க மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்வது, ஆபத்தைக் குறைக்க உதவலாம்.

- ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை. தடுப்பூசிக்குப் போகும்போதே "பல்லையும் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள்.

இன்று இரவு உங்கள் நாய் அல்லது பூனையின் மேலுதட்டை மெல்லத் தூக்கி, உள்ளே கடைவாய் வரை பாருங்கள். ஈறின் ஓரம் சிவந்திருந்தாலோ, பல்லில் மஞ்சள் காரை தெரிந்தாலோ, இந்த வாரமே டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். வலிக்கிறது என்று அது உங்களிடம் சொல்லப்போவதில்லை.