பட்டறையிலிருந்து பொருட்காட்சிக்கு

கல்லூரியில் படித்த நாளில் நண்பர் சிலரும் நானும் சேர்ந்து ஒரு கணிதப் பொருட்காட்சி நடத்தினோம். பன்னிரண்டு அட்டைகள், ஒவ்வொன்றிலும் நெருக்கி எழுதிய சூத்திரங்கள். வந்தவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்துவிட்டு, வாயிலில் வைத்திருந்த மோர்ப் பானையை நாடிப் போய்விட்டார்கள். மோருக்குக் கிடைத்த மதிப்பு கணிதத்துக்குக் கிடைக்கவில்லை. எங்கே தவறினோம் என்பது, பின்னாளில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியரின் தொழிலைப் பற்றி அறிந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

சார்லஸ் கட்டடக் கலைஞர், ரே ஓவியர். 1941-இல் மணம் புரிந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேறினார்கள். அதற்குச் சற்று முன்னர்தான், ஈரோ சாரினென் என்ற நண்பருடன் சேர்ந்து சார்லஸ் வகுத்த நாற்காலிகள், நியூயார்க் நவீனக் கலைக்கூடம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றிருந்தன. ஆனால் அந்த வடிவத்துக்கு மரம் இணங்கவில்லை. மெல்லிய மரத் தகடுகளைப் பசையிட்டு அடுக்கி அழுத்துவதே ஒட்டுப்பலகை. அதை ஒரு திசையில் வளைப்பது எளிது. இரு திசைகளில் ஒருங்கே குழித்தால் வெடிக்கும். மாணவ நண்பர்களே, ஒரு காகிதத்தை எடுத்துச் சுருட்டிப் பாருங்கள்; சுருளும். அதையே ஒரு தேங்காயின்மேல் மடிப்பு விழாமல் போர்த்திப் பாருங்கள்! மரத் தகட்டுக்கும் அதே இடர்தான்.

தம்பதியர் தம் வாடகை வீட்டிலேயே ஓர் அச்சுப் பொறியை அமைத்தார்கள். பசையிட்ட தகடுகளைச் சூடான அச்சோடு அழுத்திப் பிடிக்க, சைக்கிள் பம்பினால் காற்றடித்தார்கள். போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு, முறிந்த காலைத் தாங்கும் சிம்பு தேவைப்பட்டது. இவர்கள் அதை ஒட்டுப்பலகையிலேயே செய்து கொடுத்தார்கள். வளைவு கடுமையான இடங்களில் நீண்ட துளைகளை வெட்டினார்கள். மரத்தின் இறுக்கம் தளர்ந்தது. கட்டுத்துணியைக் கோத்து இழுக்கவும் அத்துளைகளே உதவின. மரத்தின் குறை எங்கே இருந்ததோ அங்கேயே நோயாளிக்குரிய வசதியும் பிறந்தது! போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,50,000 சிம்புகள் உருவாயின. நாற்காலியில் இருக்கை வேறு, முதுகுப் பலகை வேறு என்று பிரித்ததும் மரத்தோடு இவ்வாறு மல்லாடிக் கண்ட முடிவே.

1958-இல் நம் அரசின் அழைப்பின்மேல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து இவர்கள் ஓர் அறிக்கை தந்தார்கள். அதில் மிகுதியாகப் போற்றப்பட்ட பொருள் எது தெரியுமா? நம் வீட்டுச் செம்புதான். தலையிலும் இடுப்பிலும் அது எப்படி அமர்கிறது, நீர் நிறைந்தபோதும் ஒழிந்தபோதும் எப்படி நிலைகொள்கிறது, எப்படி ஊற்றுகிறது என்றெல்லாம் வினவிச் சென்றது அவ்வறிக்கை. அதன் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது.

அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் அறிவியல் காட்சிசாலையில், ஐ.பி.எம். நிறுவனத்தின் பொருளுதவியுடன், ‘மேத்தமேட்டிகா’ என்ற கணிதப் பொருட்காட்சியை அமைத்தார்கள். பெருக்கலைக் காட்ட 8×8×8 ஆக 512 விளக்குகள் கொண்ட கனசதுரம். மூன்று எண்களை அழுத்தினால் அவற்றின் பெருக்கற்பலன் எத்தனையோ அத்தனை விளக்குகள் எரியும். ஒரே பக்கம் உடைய மோபியஸ் பட்டையின்மேல் ஓர் அம்பு ஓடும். இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது நிகழ்தகவுப் பொறி. ஆயிரக்கணக்கான பந்துகள் முளைகளில் மோதி, இடமோ வலமோ தற்செயலாய் விலகிக் கீழே குவியும். தனித்தனியே எந்தப் பந்தின் போக்கையும் எவரும் முன்னுரைக்க இயலாது. ஆயினும் குவியல் மட்டும் நடுவில் உயர்ந்து, இருபுறமும் தாழ்ந்து, மணியின் வடிவம் கொள்ளும். நாங்கள் எங்கள் ஏழாவது அட்டையில் எழுதி வைத்திருந்த சூத்திரமும் இதுவேதான்! மரத்தைக் கையால் வினவியவர்கள், கணிதத்தையும் கண் வினவும்படி வைத்துவிட்டார்கள்.

இதை அறிந்த வாரமே நானும் ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்துக் கொண்டைக்கடலையை உருட்டிப் பார்த்தேன். குன்று எழும்பத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே ஒதுங்கியது. கடலையைக் குறை கூறினேன்; ஆணியைக் குறை கூறினேன். பலகையின் ஒரு கால் குட்டை என்பதைக் கண்டுபிடித்தவள் என் தங்கை.