யாருக்கு அனுமதி, ஏன் அனுமதி

கல்லூரி விடுதியிலோ அலுவலகத்திலோ இணையத்தைப் பயன்படுத்தியவர்களில் பலர், பிரவுசரின் செட்டிங்ஸில் ஓர் ஐபி முகவரியையும் அதன் பக்கத்தில் 3128 என்ற எண்ணையும் நிரப்பியிருப்பார்கள். எதற்கு என்று கேட்டால், அதைப் போட்டால்தான் நெட் வரும் என்பார்கள். ஸ்க்விட் என்ற பிராக்சி மென்பொருள் வழக்கமாகக் கோரிக்கைகளை வாங்கிக்கொள்ளும் போர்ட்டின் எண் அது. எந்தக் கணினியிலிருந்து, எந்தத் தளத்துக்கு, எந்த நேரத்தில் போகலாம் என்பதையெல்லாம் அங்கே தீர்மானிப்பது, யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துகளால் ஆன ஒரு கோப்பு. ஸ்க்விட்.கான்ஃப் என்று அதற்குப் பெயர். ஒரு நிறுவனம் யாரை எவ்வளவு நம்புகிறது என்பது வரி வரியாக எழுதப்பட்டிருக்கும் இடம் அது. அதைச் சரியாக எழுதுவதும், எழுதியதற்குக் காரணம் சொல்லி வைப்பதும் தனிக் கைத்திறன் என்றே நினைக்கிறேன்.

பிராக்சி என்பது நடுவில் நிற்கும் சர்வர். உள்ளே இருக்கும் கணினி தனக்கு வேண்டிய பக்கத்தை அதனிடம் கேட்கும். அது வெளியே போய் வாங்கி வந்து கொடுக்கும். வாங்கியதில் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டால், அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்கும்போது மறுபடி வெளியே போக வேண்டியதில்லை. வலை பிறந்த சில ஆண்டுகளிலேயே இந்த யோசனை வந்துவிட்டது. 1994-இல் ஜெனீவாவில் நடந்த முதல் வலை மாநாட்டில் ஆரி லுவோட்டனெனும் கெவின் ஆல்டிஸும் பிராக்சிகள் பற்றிய கட்டுரையைச் சமர்ப்பித்தார்கள். ஹார்வெஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வுத் திட்டத்தில் எழுதப்பட்ட, பிரதிகளைச் சேமித்து வைக்கும் கேஷ் நிரலை எடுத்து வளர்த்து, டுவேன் வெசல்ஸ் முன்னின்று 1996-இல் ஸ்க்விட்டை வெளியிட்டார். தொலைதூர இணைப்புகளுக்கு எக்கச்சக்கமாகச் செலவான காலம் அது. ஒரே படத்தை நூறு பேர் தனித்தனியாக இறக்குவது பெரிய நஷ்டம். பிற்பாடு விக்கிப்பீடியாகூடப் பல ஆண்டுகள் தன் சர்வர்களுக்கு முன்னால் ஸ்க்விட்டை நிறுத்தித்தான் பக்கங்களை வழங்கியது.

சேமித்து வைக்கும் வேலையைவிட அனுமதி கொடுக்கும் வேலைதான் இன்று பல இடங்களில் ஸ்க்விட்டை உயிரோடு வைத்திருக்கிறது. அதில் இரண்டு படிகள் உண்டு. முதல் படியில் பெயர் வைக்க வேண்டும். இந்த ஐபி வரிசையில் உள்ளவை நூலகக் கணினிகள், இந்த டொமைன்கள் பாடநூல் தளங்கள், இந்த மணிநேரம் வகுப்பு நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஏசிஎல் என்ற சொல்லால் தொடங்கும் வரியில் ஒரு பெயர் கொடுக்கிறோம். பெயர் வைத்ததால் மட்டும் எதுவும் திறக்காது, எதுவும் மூடாது. இரண்டாம் படியில் எச்டிடிபி_ஆக்செஸ் என்று தொடங்கும் வரிகளில் அந்தப் பெயர்களை எடுத்து, இவர்களுக்கு அனுமதி, இவர்களுக்கு மறுப்பு என்று எழுதுகிறோம்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்க்விட் இந்த வரிகளை மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரி எதுவோ அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. ஆகவே ஒரே பத்து வரிகளை வேறு வரிசையில் அடுக்கினால் வேறு பிராக்சி கிடைக்கும். ஒரு ஏசிஎல்லுக்குள் பல மதிப்புகள் இருந்தால் அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். அனுமதி வரியில் பல பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலோ எல்லாமே பொருந்த வேண்டும். நூலகத்துக்கும் ஆசிரியர் அறைக்கும் அனுமதி கொடுக்க நினைத்து இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், ஒரே நேரத்தில் நூலகத்திலும் ஆசிரியர் அறையிலும் இருக்கிற கணினியை ஸ்க்விட் தேடும். அப்படி ஒன்று எங்கும் இருக்காது என்பதால் அந்த வரி ஒருநாளும் வேலை செய்யாது. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் இலக்கணப்படி அது சரியான வரி.

எந்த வரியுமே பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பது இன்னும் நுட்பமானது. கடைசி வரி என்ன சொல்கிறதோ அதற்கு நேர் எதிரானதை ஸ்க்விட் செய்யும். கடைசி வரி சிலரை மறுத்தால் மற்ற எல்லோரையும் உள்ளே விடும். கடைசி வரி சிலரை அனுமதித்தால் மற்றவர்களை மறுக்கும். இதை அறியாமல் பட்டியலின் அடியில் இரண்டொரு மறுப்பு வரிகளைச் சேர்த்தவர், தன் பிராக்சியை ஊருக்கே திறந்துவிட்டிருப்பார். அதனால்தான் எல்லோரையும் மறுக்கும் ஒரு வரியை முடிவில் வைக்கச் சொல்கிறது ஸ்க்விட்டின் ஆவணம். வெறும் சம்பிரதாயம் என்று எண்ணி அந்த வரியை யாரும் நீக்கிவிடக் கூடாது.

திறந்து கிடக்கும் பிராக்சியால் வரும் கேடு, பேண்ட்வித் வீணாவதோடு நிற்பதில்லை. பாதுகாக்கப்பட்ட தளங்களுக்குப் போக கனெக்ட் என்ற கோரிக்கை இருக்கிறது. இரு முனைகளுக்கும் இடையில் ஒரு குழாயைப் போட்டுக் கொடு, உள்ளே என்ன போகிறது என்று பார்க்காதே என்பது அதன் பொருள். மின்னஞ்சல் சர்வர்கள் பயன்படுத்தும் 25-ஆம் போர்ட்டுக்கு அந்தக் குழாயைப் போடவிட்டால், எங்கோ இருப்பவர் அனுப்பும் குப்பை அஞ்சலெல்லாம் உங்கள் சர்வரின் முகவரியிலிருந்து போனதாகவே உலகம் பார்க்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்பேம் அனுப்புவோர் இப்படித் திறந்து கிடந்த பிராக்சிகளைத் தேடித் தேடிப் பயன்படுத்தினார்கள். ஸ்க்விட்டோடு வரும் ஆரம்பக் கோப்பில் பாதுகாப்பான போர்ட்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: 80, 21, 443, 70, 210, பிறகு 1025-உம் அதற்கு மேற்பட்டவையும், இன்னும் சில. 25 அதில் இல்லை. கனெக்ட் குழாயோ 443-க்கு மட்டும்தான். பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அது எந்தச் சேவைக்கு உரியது என்று ஓரிரு சொற்களில் குறிப்பு இருக்கும். 70 கோஃபர் என்ற பழைய சேவைக்கானது, இன்று அதைத் தொடுகிறவர்கள் மிகக் குறைவு. குறிப்பு இருப்பதால்தான் அதை எடுத்துவிடலாமா என்று ஒருவரால் யோசிக்கவாவது முடிகிறது.

ஆவணம் எழுதும் விஷயத்தில் ஸ்க்விட் செய்த ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அதன் மூலநிரலில் சிஎஃப்.டேட்டா.ப்ரீ என்ற கோப்பு இருக்கிறது. ஒவ்வோர் அமைப்புக்கும் பெயர், வகை, எதுவும் எழுதாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு, அதன்கீழ் மனிதர்கள் படிப்பதற்கான விளக்கம் என்று எல்லாமே அங்கே ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கும். மென்பொருளைக் கட்டும்போது சிறு கருவி ஒன்று அந்தக் கோப்பைப் படித்து இரண்டு வேலைகளைச் செய்கிறது: ஸ்க்விட்.கான்ஃபைப் புரிந்துகொள்ளும் நிரல் பகுதியை உருவாக்குகிறது. பல ஆயிரம் வரிகள் கொண்ட விளக்கக் கோப்பையும் உருவாக்குகிறது. நிரலும் விளக்கமும் ஒரே ஊற்றிலிருந்து வருவதால் ஒன்று ஒருபக்கமும் மற்றொன்று வேறுபக்கமும் விலகிப்போவது குறைகிறது. பயனர் கையேட்டை வேறொருவர் வேறொரு நாளில் எழுதும் மென்பொருள்களில் இந்த நன்மை கிடைப்பதில்லை.

அந்த விளக்கங்களின் நேர்மையும் பாராட்டுக்குரியது. நினைவகத்தில் எவ்வளவு ஒதுக்குவது என்று சொல்லும் கேஷ்_மெம் என்ற அமைப்பின்கீழ், இது ஸ்க்விட் பயன்படுத்தும் மொத்த நினைவகத்துக்கான வரம்பு அல்ல என்று பெரிய எழுத்துகளில் எச்சரித்திருக்கிறார்கள். பலர் அப்படித் தவறாக எண்ணியதைப் பார்த்துத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். வட்டில் சேமிப்புக்கு இடம் ஒதுக்கும் வரியில், வட்டின் முழு அளவையும் எழுதாதீர்கள், 20 சதவீதத்தைக் கழித்துவிட்டு எழுதுங்கள் என்றிருக்கிறது. பிராக்சி ஓடும் அதே சர்வருக்குள் போகும் கோரிக்கைகளை மறுக்கும் வரிக்குக் காரணமும் தரப்பட்டிருக்கிறது: அந்த சர்வரில் ஓடும் வேறு செயலிகள், உள்ளிருந்து வருகிறவர் நம்மவர்தான் என்று நம்பியிருக்கும், பிராக்சி வழியாக வெளியாள் நுழைந்தால் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும். என்ன செய்கிறது என்பதோடு யாரைக் காப்பாற்றுகிறது என்பதையும் சொல்கிற குறிப்பு இது.

ஆனால் மென்பொருளை எழுதியவர்களால் பொதுக் காரணங்களைத்தான் சொல்ல முடியும். உங்கள் கோப்பில் ஒரு குறிப்பிட்ட டொமைனுக்கு மட்டும் கடவுச்சொல் கேட்காமல் அனுமதி இருக்கிறது என்றால், கணக்குப் பிரிவின் பழைய மென்பொருளுக்குப் பிராக்சியில் லாகின் செய்யத் தெரியாது என்பது அதன் காரணமாக இருக்கலாம். அதை நீங்கள்தான் எழுத வேண்டும். நிலப் பத்திரத்தில் எல்லைகளோடு அந்த நிலம் விற்பவருக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதுவார்களே, அமைவுக் கோப்பிலும் அப்படித்தான்: யார் கேட்டார்கள், எந்தத் தேதியில், எதற்காக, எப்போது நீக்கலாம் என்பது விதிக்கு மேலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதியவர் வேலை மாறிப்போன பிறகு வருகிறவர் அந்த வரியைத் தொடப் பயப்படுவார். கோப்பு இப்படியே வளர்ந்து, இனித் தேவையில்லாத அனுமதிகள் பத்து ஆண்டுகள் கழித்தும் திறந்தே கிடக்கும். # என்ற குறியோடு தொடங்கும் வரியை ஸ்க்விட் படிக்காமல் தாண்டிவிடும் என்பதால் அங்கே தமிழிலேயே எழுதலாம். தமிழில் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அதுதான் முறையும்கூட.

சில விதிகளுக்குக் குறிப்பு இல்லாவிட்டால் எழுதியவருக்கே மறந்துவிடும். நேரத்தைக் குறிக்கும் ஏசிஎல்லில் கிழமைக்கு ஓர் எழுத்து உண்டு. ‘டி’ செவ்வாய்க்குப் போய்விட்டதால் வியாழனுக்கு ‘எச்’, ‘எஸ்’ ஞாயிறுக்குப் போய்விட்டதால் சனிக்கு ‘ஏ’. பழைய பிரதியை எப்போது புதுப்பிப்பது என்று சொல்லும் வரியில் 0, 20 சதவீதம், 4320 என்று மூன்று எண்கள் வரும். கடைசி எண் நிமிடங்களில், அதாவது மூன்று நாள். நடுவில் உள்ளது பக்கத்தின் வயதைப் பொறுத்தது: வாங்கியபோது திருத்தம் நடந்து பத்து நாள் ஆகியிருந்தால், இன்னும் இரண்டு நாளைக்கு அது மாறியிருக்காது என்று ஸ்க்விட் எடுத்துக்கொள்ளும்.

அனுமதிகளைச் சொல்லும் இந்தக் கோப்புக்கே ஓர் அனுமதி உண்டு; கோப்பை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பது. லினக்ஸில் இதை மூன்று இலக்கங்களால் எழுதுவார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசியாக மற்ற எல்லோருக்கும். ரெட் ஹேட் வகை லினக்ஸில் ஸ்க்விட்.கான்ஃபின் உரிமையாளர் ரூட் என்ற முழு அதிகாரம் கொண்ட பயனர், குழு ஸ்க்விட், எண் 640. அதாவது ரூட் மட்டும் மாற்றலாம், ஸ்க்விட் படிக்கலாம், வேறு யாருக்கும் கண்ணில் படாது. இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், மேல்நிலைப் பிராக்சியில் லாகின் செய்யும் கடவுச்சொல்லும் கேஷ் மேலாளருக்கான கடவுச்சொல்லும் அந்தக் கோப்பில் மறைக்கப்படாமல் அப்படியே எழுதப்படுகின்றன. கோப்பைக் காட்டி யாரிடமாவது உதவி கேட்கும்முன் அந்த வரிகளை அழித்துவிட வேண்டும்.

ஸ்க்விட்டை ரூட்டாகத் தொடங்கினாலும், வேலையை ஆரம்பித்ததும் அது தன் அதிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு சாதாரணப் பயனராக மாறிக்கொள்ளும். டெபியன் லினக்ஸில் அந்தப் பயனரின் பெயர் பிராக்சி. மென்பொருளில் ஓட்டை இருந்து யாராவது நுழைந்தாலும் கையில் கிடைப்பது அந்தச் சிறிய அதிகாரம் மட்டுமே. ஆகவே கேஷ் ஃபோல்டரும் லாக் ஃபோல்டரும் அந்தப் பயனருக்கு எழுத இடம் தர வேண்டும்; அமைவுக் கோப்பு தரக் கூடாது. கேஷ் ஃபோல்டரின் உரிமை தவறாக இருந்தால் ஸ்க்விட் கிளம்பாது. அவசரத்தில் இருப்பவர் அப்போது 777 என்று போட்டு எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவார். பிரச்சினை தீர்ந்ததுபோலத் தெரியும். சரியான வழி உரிமையாளரை மாற்றுவது. இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை: ஃபோல்டருக்குள் எழுத அனுமதி உள்ளவர், உள்ளே இருக்கும் கோப்பைத் திருத்த முடியாவிட்டாலும் அதை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம். கோப்புக்கு 640 போட்டு ஃபோல்டரைத் திறந்து வைத்தால் பயனில்லை.

லாக் கோப்பை இதே கண்டிப்போடு காக்க வேண்டும். யார், எப்போது, எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதில் ஒரு வரி உண்டு. ஒருவரின் நோயும் கடனும் வேலை தேடலும் அதில் தெரிந்துவிடும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை ஸ்க்விட் தானாகவே வெட்டிவிட்டுத்தான் லாக்கில் எழுதுகிறது, பயனரின் அந்தரங்கத்துக்காக என்று காரணமும் சொல்கிறது. இதை மாற்றுகிறவர் அந்த வரிக்கு மேல் தன் காரணத்தையும் எழுதட்டும். எச்டிடிபிஎஸ் பரவியபின் கனெக்ட் குழாய்க்குள் போகும் பக்கம் எது என்று பிராக்சிக்குத் தெரியாது, தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். பக்க முகவரியில் உள்ள சொல்லை வைத்து எழுதிய பழைய தடைகள் பல இதனால் இன்று வெறும் வரிகளாக நிற்கின்றன.

கோப்பைத் திருத்தியதும், ஓடும் ஸ்க்விட்டுக்குச் சொல்லும்முன் ‘ஸ்க்விட் -கே பார்ஸ்’ என்ற கட்டளையை ஓட்டினால் எழுத்துப் பிழைகள் தெரிந்துவிடும். அது இலக்கணத்தைத்தான் பார்க்கும். உங்கள் எண்ணத்தை அல்ல. நூலகக் கணினி ஒன்றிலிருந்தும், வளாகத்துக்கு வெளியே உள்ள இணைப்பு ஒன்றிலிருந்தும் 3128-ஐத் தட்டிப் பார்க்க வேண்டும். முதலாவதற்குப் பக்கம் வர வேண்டும், இரண்டாவதற்கு மறுப்பு வர வேண்டும். எந்த இடத்திலிருந்து எதைக் கேட்டால் என்ன பதில் வர வேண்டும் என்பதையும் விதிக்கு மேலே உள்ள குறிப்பில் சேர்த்து எழுதினால், அடுத்து வருகிறவர் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதையே மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.