அடிநாதம் காத்த ஆசிரியர்



பள்ளி விளையாட்டுப் போட்டியிலோ ஊர்வலத்திலோ பேண்டு வாத்தியம் வந்தால் நம் கண் எங்கே போகிறது? முன்னால் கோலைச் சுழற்றி நடப்பவன்மீது, டிரம்பெட் ஊதுபவன்மீது, டிரம் அடிப்பவன்மீது. கடைசி வரிசையில், தன் உடம்பில் பாதியளவு பித்தளைக் குழலைக் கட்டிப் பிடித்து, கன்னம் உப்ப ஊதும் பிள்ளையைப் பார்ப்பவர் குறைவு. "என் மகனுக்கு வேறு வாத்தியம் கொடுக்கக் கூடாதா, சார்?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்காகவே இந்த மனிதரின் கதையைச் சொல்லுகிறேன்.

தையற்கடையிலிருந்து கல்லூரிக்கு

அவர் பெயர் லியோனார்டு ஃபால்கோன். 1899ஆம் ஆண்டு இத்தாலியில், ரொசேத்தோ வால்ஃபோர்த்தோரே என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்த ஊரில் ஒரு பேண்டு இருந்தது. அங்கேதான் சிறுவன் ஊதக் கற்றான். பதினாறாம் வயதில், 1915இல், கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தான். அண்ணன் நிக்கோலஸ் முன்பே மிச்சிகன் மாநிலத்துக்கு வந்திருந்தார். தம்பிக்குத் தெரிந்த கைத்தொழில் தையல். தையல் வேலையும் செய்தான். பேசாப் படக் கொட்டகையில் வயலினும் வாசித்தான். அப்படியே இசைக் கல்வியையும் முடித்தான்.

1927இல் மிச்சிகன் ஸ்டேட் கல்லூரி அவரைப் பேண்டு இயக்குநராக அமர்த்தியது. அது வேளாண்மைப் படிப்புக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரி! அதன் பேண்டோ ராணுவப் பயிற்சி மாணவர்களின் அணியோடு சேர்ந்திருந்தது. அதையே மேடைக் கச்சேரி செய்யும் தரத்துக்கு உயர்த்தினார் ஃபால்கோன். கல்லூரி 1955இல் பல்கலைக்கழகமானது. அவர் 1967 வரை, நாற்பது ஆண்டுகள், அங்கேயே இருந்தார்.

அண்ணன் நிக்கோலசும் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேண்டின் தலைவராக இருந்தவர்தாம். ஆனால் அவருக்குச் செவிப்புலன் கெட்டது. இசைக்காரனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? 1935இல் அந்தப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போயிற்று. அதே வேலையைத் தம்பி இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் செய்தார்.

பின்வரிசையின் வேலை

ஃபால்கோனின் வாத்தியம் யூஃபோனியம். இது ட்யூபாவுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் குழாயை நீட்டினால் சுமார் ஒன்பது அடி வரும். பெரிய ட்யூபாவோ பதினெட்டு அடி! குழாய் நீள நீளச் சுரம் தாழும். ஊதும்போது அதிர்வது உதடு. விரலால் அழுத்தும் வால்வுகள் குழாயின் நீளத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் ஒரே வால்விலும் உதட்டின் இறுக்கத்தை மாற்றினால் பல சுரங்கள் வரும். ஆகவே காதும் மூச்சும் பழகாதவனுக்கு இந்த வாத்தியம் வசப்படாது.

நம் நாயனக் கச்சேரியை எண்ணிப் பாருங்கள். "ஒத்து ஊதுகிறான்" என்று ஏளனமாகச் சொல்லுகிறோம். அந்த ஒத்து நின்றுவிட்டால் நாயனக்காரர் எந்தச் சுருதியில் நிற்பார்? பேண்டிலும் அடிச்சுரம் இல்லையென்றால் டிரம்பெட்டின் மெட்டு காற்றில் அலையும்.

ஃபால்கோன் இன்னொன்றும் செய்து காட்டினார். துணைக்கு நிற்பதாக எண்ணப்பட்ட அந்தக் குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக வாசித்து இசைத்தட்டுகளும் வெளியிட்டார். வயலின் பழகிய அவர், பித்தளையையும் பாட வைத்தார்! பேண்டுப் பொறுப்பை விட்ட பிறகும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை விடவில்லை. 1985இல் மறைந்தார். மறு ஆண்டே, மிச்சிகனில் உள்ள புளூ லேக் கலை முகாமில், அவர் பெயரால் யூஃபோனியம், ட்யூபா வாத்தியங்களுக்கான அனைத்துலக விழா தொடங்கியது.

நமக்கு இதில் என்ன?

செந்தூல் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரயில் போனால் ஓட்டுநரைத்தான் ஊர் பார்க்கும். செந்தூல் பட்டறையில் கரியும் எண்ணெயுமாக நின்று வண்டியைப் பழுது பார்த்த நம் பெரியவர்களை யார் பார்த்தார்கள்? அவர்கள் கை ஓய்ந்தால் வண்டி நகர்ந்திருக்குமா? அதே செந்தூலில், பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005 முதல் கோலாலம்பூர் மேடைக்கலை மையமாக இருக்கிறது. பட்டறைச் சத்தம் கேட்ட ஊரில் இன்று இசை கேட்கிறது. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

"பேண்டில் சேர்ந்தால் படிப்புக் கெடும்" என்று அஞ்சும் பெற்றோரே! நேரத்துக்கு வருவது, தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு காத்திருப்பது, பக்கத்திலிருப்பவன் வாசிப்பதைக் கேட்டுத் தன் சுரத்தைச் சரிசெய்வது, இவையும் படிப்புத்தானே? பள்ளியில் உங்கள் பிள்ளைக்குப் பெரிய குழலைக் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் அவன் ஊதிப் பழகும்போது, "என்னடா இது, கப்பல் சங்கா?" என்று கேலியும் செய்யாதீர்கள்.

அடுத்த முறை பேண்டு வாத்தியம் கேட்டால் கொஞ்சம் நின்று, பின்வரிசைக்கும் காது கொடுங்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்து ஒரு முறை கைதட்டுங்கள். அவனுக்கு அது போதும்.